துறந்தோமா, அஞ்சி விலகினோமா?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய சிற்றூர் வட்டத்தில் நல்லேப்பிள்ளி என்றோர் ஊர் உள்ளது. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் ஒலிக்கும் ஊர். சென்ற ஆண்டு கோடையில் அங்கு அன்பர் ஒருவரின் இல்லத்தில் நடைபெற்ற சத்சங்கத்திற்குச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்திருந்த நேரம். பஜனை முடிந்து பிரசாதம் வழங்கும்போது, ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார்.

"சாமி, இவளுக்குக் கணக்கு வராதுங்க. எனக்கும் வராது, எங்கம்மாவுக்கும் வராது. எங்க வம்சத்துக்கே வராதுங்க. பிளஸ் ஒன்னுல கணக்கு இல்லாத குரூப்பா ஏதாச்சும் எடுத்துக்கட்டும்னு இருக்கிறோம். ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார்.

"உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று மகளைக் கேட்டேன்.

"கணக்கு இல்லாதது எதுன்னாலும் சரிங்க சாமி" என்றாள் அவள். நான் மறுமொழி சொல்வதற்குள், "ஸ்ரீராமகிருஷ்ணருக்கே கணக்கு பிடிக்காதுன்னு நீங்க மொழிபெயர்த்த புத்தகத்துல படிச்சிருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளூர எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. மகானின் வரலாற்றை ஒரு குழந்தை தன் அச்சத்திற்குக் கவசமாக அணிந்துகொண்டு வந்து நிற்கிறாள். அந்தக் கவசத்தை நெய்து கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அன்று அவளுக்கு ஏற்ற விடை என்னிடம் இல்லை. பின்னர் சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை.

பால் கணக்கும் பள்ளிக் கணக்கும்

அந்தத் தாயுடன் நிகழ்ந்த உரையாடல் அத்துடன் முடியவில்லை. அவர் இரண்டு பசுக்கள் வளர்ப்பவர். பால் சங்கத்திற்குப் பால் ஊற்றுபவர். பேச்சுவாக்கில், காலையில் நாலரை லிட்டரும் மாலையில் மூன்றேகால் லிட்டரும் ஊற்றுவதாகச் சொன்னார். "பத்து நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டேன். கண்ணை ஒரு கணம் மேலே உயர்த்தியவர், "லிட்டருக்கு நாப்பத்தாறுன்னு வச்சா மூவாயிரத்து அஞ்ஞூத்தி அறுபத்தஞ்சுங்க. கொழுப்பு குறைஞ்சா கொஞ்சம் குறையும்" என்றார். தாளில் எழுதிப் பார்த்தேன். விடை சரியாகவே இருந்தது.

"இது கணக்கில்லையா அம்மா?" என்றேன்.

"இது பால் கணக்குங்க சாமி. அது ஸ்கூல் கணக்கு" என்றார் அவர், நான் ஏதோ விளங்காதவன் என்பதுபோல.

பின்னங்களைக் கூட்டிப் பெருக்கி, சராசரியையும் கருத்தில் கொண்டு, நொடிப்பொழுதில் விடை கூறும் ஒருவர் "எனக்குக் கணக்கு வராது" என்று உறுதியாக நம்புகிறார். அந்த நம்பிக்கையை வம்ச சொத்தாக மகளுக்கும் அளிக்கிறார். இங்கு இல்லாதது ஆற்றலன்று. ஆற்றல் இருப்பதை ஏற்கவிடாமல் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது.

குருதேவரின் திகைப்பு

முதலில் அச்சிறுமியின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். காமார்புகூரின் கிராமப் பாடசாலையில் பயின்ற காலத்தில் கதாதரனுக்கு சுபங்கரிக் கணக்கில் மனம் செல்லவில்லை என்பது உண்மையே. நிலம், நெல், வட்டி ஆகியவற்றைக் கணக்கிடுவதற்கு வங்காள நாட்டுப்புறத்தில் கற்பிக்கப்பட்ட முறை அது. பிற்காலத்தில் பக்தர்களிடம் பேசுகையில் குருதேவரே இதனைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆனால் அங்கே அவர் பயன்படுத்திய வங்காளச் சொல் 'தாந்தா' என்பது. மூலத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அச்சொல்லுக்கு 'வெறுப்பு' என்றும் பொருளில்லை, 'அச்சம்' என்றும் பொருளில்லை. புதிரின் முன் ஏற்படும் மயக்கம், கண்கூசும் ஒளியில் வழி தெரியாத நிலை, திகைப்பு என்பதே அதன் பொருள். 'பிடிக்காது' என்று பெயர்த்தால் வாக்கியம் தமிழில் இயல்பாக ஓடும்; ஆனால் பொருள் சற்றே நழுவிவிடும். மொழிபெயர்ப்பாளர்களாகிய நாங்கள் செய்யும் சிறு பிழைகள் எங்கே சென்று வேர் பிடிக்கின்றன என்பதை அன்று உணர்ந்தேன்.

மேலும், கணக்கைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில், படம் வரைவதும் சிறு உருவங்கள் செய்வதும் தமக்கு நன்றாக வந்ததையும் குருதேவர் கூறுகிறார். அவரது மனம் ஒன்றிலிருந்து ஓடவில்லை. வேறொன்றை நோக்கிச் சென்றது. வயிறு வளர்ப்பதற்கான கல்வி தமக்கு வேண்டாம் என்று பின்னாளில் தமையனாரிடம் கூறியபோதும், தமக்கு எது வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 'இது வேண்டாம்' என்பதற்குப் பின்னால் 'அது வேண்டும்' என்ற பெரும் தாகம் நின்றது. நல்லேப்பிள்ளிச் சிறுமியிடம் நான் கேட்டது என்ன பிடிக்கும் என்று. அவள் கூறியதோ என்ன பிடிக்காது என்று. வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

குருதேவரின் தலைமைச் சீடரின் வாழ்விலும் இதையொட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1879-இல் நுழைவுத் தேர்வுக்கு இரண்டு மூன்று நாட்களே இருந்தபோது, வடிவியலில் தமக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது என்பதை நரேந்திரன் கண்டார். இரவெல்லாம் விழித்திருந்து, 24 மணி நேரத்தில் வடிவியலின் நான்கு பாகங்களையும் கற்று முடித்ததாக அவரே பின்னர் கூறியுள்ளார். அதுவரை அவர் அதனை ஒதுக்கி வைத்திருந்தார். ஆனால் தேவை வந்தபோது அதன் முன் அமர அவரால் முடிந்தது. ஒதுக்கியது அச்சத்தால் அன்று என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவதாக, சுவாமி ராமதீர்த்தர். 1895-இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, லாகூரில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றியவர் அவர். 1897-இல் சுவாமி விவேகானந்தரை அந்நகரில் சந்தித்தார். சில ஆண்டுகளில் பணியையும் இல்லத்தையும் விட்டு இமயம் நோக்கிச் சென்றார். அவரும் கணிதத்தை விட்டார். ஆனால் அதனைக் கையில் முழுமையாக ஏந்திய பின்னரே விட்டார்.

கீதை கூறும் மூன்று விதத் தியாகம்

கணித அறையில் நடுங்கும் மாணவனைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பார்த்தனே நினைவுக்கு வருகிறான். கீதையின் முதல் அத்தியாயத்தில் அவனுக்கு நேர்வது என்ன? உடல் தளர்கிறது, வாய் உலர்கிறது, தோல் எரிகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது, மனம் சுழல்கிறது. வினாத்தாளைப் பெற்ற கணத்தில் ஒரு குழந்தையின் உடலில் நிகழ்வதும் இதுவே.

அடுத்து அவன் செய்வது இன்னும் கவனிக்கத்தக்கது. 'நான் அஞ்சுகிறேன்' என்று அவன் சொல்லவில்லை. பிச்சையெடுத்து உண்டு வாழ்வதே மேல் என்கிறான். துறவின் மொழியில் பேசுகிறான்! பகவான் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. துறவு இழிந்தது என்பதால் அன்று. அவன் பேசியது துறவே அன்று என்பதால்.

பதினெட்டாம் அத்தியாயத்தில் இக்கருத்து தெளிவாக வகுக்கப்படுகிறது. செய்ய வேண்டிய கடமையை மயக்கத்தால் கைவிடுவது தாமசத் தியாகம். துன்பம் தருவது என்று உடல் வருத்தத்திற்கு அஞ்சிக் கைவிடுவது ராஜசத் தியாகம். அவ்வாறு விடுபவன் தியாகத்தின் பயனை அடைவதில்லை. கடமையைச் செய்துகொண்டே பற்றையும் பயனையும் விடுவது சாத்வீகத் தியாகம்.

மாணவனுக்குக் கல்வியே கடமை. ஆகவே இப்பகுப்பு இங்கும் பொருந்தும். "எங்கள் வம்சத்திற்கே வராது" என்பது மயக்கம். "நினைத்தாலே வயிறு கலங்குகிறது, ஆகவே வேண்டாம்" என்பது அச்சம். இரண்டையும் நாம் "எனக்கு அதில் நாட்டமில்லை" என்ற ஒரே கண்ணியமான வாக்கியத்தால் மூடிவிடுகிறோம். நாட்டமின்மை என்பது வைராக்கியத்தின் உடன்பிறப்புப் போலத் தோன்றுகிறது. ஆனால் பயனில் வேறுபாடு தெரிந்துவிடும். உண்மையாகத் துறந்தவனுக்கு அமைதி கிடைக்கும். அஞ்சி விலகியவனையோ, அவன் விலகிய பொருள் பின்தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்: கடனுக்கான வட்டியாக, மருந்துச் சீட்டின் அளவாக, நாளிதழின் புள்ளிவிவரமாக. 'இரண்டு ரூபாய் வட்டி' என்று காதுக்கு இனிமையாகச் சொல்லப்படுவது ஆண்டுக்கு நூற்றுக்கு 24 ரூபாய் என்று கணக்கிட்டுப் பார்க்கத் துணியாமல் கையொப்பமிடுவோர் எத்தனை பேர்!

துன்பம் எங்கே இருக்கிறது?

எண்களைக் கண்டு எழும் இந்தக் கலக்கத்தை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். 1957-இலேயே டிரெகர், எய்க்கன் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடையே 'எண் கவலை' என்ற ஒன்றைப் பிரித்துக் காட்டினர். 2012-இல் வளர்ந்த நாடுகள் பலவற்றில் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்பட்ட பீசா ஆய்வில், கணித வகுப்பு தமக்குக் கடினமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாக 59 சதவீதத்தினர் கூறினர். ஆகவே இது ஓர் ஊரின் குறையோ, ஒரு மொழியினரின் குறையோ அன்று.

இந்த ஆய்வுகளுள் இரண்டு நம் சிந்தனைக்கு மிகவும் உரியவை. ஆஷ்கிராஃப்ட், கிர்க் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, கவலையானது மனத்தின் செயல்நினைவை ஆக்கிரமித்துக்கொள்கிறது என்று காட்டியது. கணக்கின் படிகளைத் தாங்க வேண்டிய மனத்தின் பலகையில் 'தவறிவிடுவேனோ, சிரிப்பார்களோ' என்ற எழுத்துக்களே நிறைந்துவிடுகின்றன. எழுத இடமில்லாததால் விடை தவறுகிறது. தவறியதைக் கண்டு 'பார், எனக்கு வராது' என்ற நம்பிக்கை வலுக்கிறது. அதனால் பயிற்சி குறைகிறது. பயிற்சி குறைவதால் மீண்டும் தவறுகிறது. அச்சம் தனக்கான சான்றைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது.

லயன்ஸ், பெய்லாக் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. கணித அச்சம் மிகுந்தவர்களின் மூளையில், உடல்வலியை உணர்வதோடு தொடர்புடைய பகுதி செயல்படுவதை அவர்கள் கண்டனர். ஆனால் எப்போது? கணக்கு வரப்போகிறது என்று எதிர்பார்த்திருக்கும்போது. கணக்கைச் செய்துகொண்டிருக்கும்போது அத்தொடர்பு காணப்படவில்லை. நாம் அஞ்சுவது செயலின் துன்பத்தை அன்று. செயலுக்கு முந்திய கற்பனையின் துன்பத்தை.

வேதாந்தம் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. கயிற்றில் பாம்பைக் காண்பவன் முழு இருளில் இருப்பவன் அல்லன். முழு இருளில் கயிறும் தெரியாது, பாம்பும் தெரியாது. முழு ஒளியிலும் அச்சமில்லை. அரைவெளிச்சத்திலேயே அச்சம் பிறக்கிறது. கணிதத்தைக் கண்டு நடுங்குவோரும் அதனை அறவே அறியாதவர் அல்லர். பாதி அறிந்து, மீதியை 'ஏன்' என்று கேட்க முடியாமல் நின்றுவிட்டவர்கள். விளக்கை எடுத்துக்கொண்டு அருகில் செல்வதே பரிகாரம். அதையே அச்சம் தடுக்கிறது. காசியில் குரங்குகள் துரத்தியபோது 'எதிர்த்து நில்' என்ற முதிய துறவியின் குரல் கேட்டு சுவாமி விவேகானந்தர் திரும்பி நின்ற நிகழ்ச்சியை அன்பர்கள் அறிவார்கள். ஓடும்வரை அவை துரத்தின. நின்றதும் அவை பின்வாங்கின.

ஓர் ஒப்புதல்

துறவி தன் பூர்வாசிரமத்தைப் பற்றிப் பேசுவது வழக்கமன்று. பொருள் வேண்டுவதால் ஒன்று மட்டும் கூறுகிறேன்.

ஏழாம் வகுப்பில், முக்காலை அரையால் வகுக்கும் கணக்கிற்காகக் கரும்பலகையின் முன் நிறுத்தப்பட்டேன். பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்பது விதி. "ஏன் தலைகீழாக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பாடவேளை முழுவதும் நின்றுகொண்டிருந்தேன். அதன்பின் கணக்கில் 'ஏன்' என்று நான் கேட்டதில்லை. 'ஏன்' இல்லாத ஒன்றில் மனம் எப்படி நிற்கும்? சில ஆண்டுகளில் 'நான் தத்துவ நாட்டம் உடையவன். எண்கள் எனக்குரியவை அல்ல' என்று எனக்கே சொல்லிக்கொள்ளத் தொடங்கினேன். கேட்டவர்கள் பாராட்டவும் செய்தார்கள்.

முதுகலையில் தத்துவம் பயிலச் சென்றபோது, குறியீட்டுத் தர்க்கவியல் என்ற தாள் காத்திருந்தது. முதல் பக்கத்தைப் புரட்டியதும் உள்ளங்கை வியர்த்தது. பத்து ஆண்டுகளாக என்னைத் தேடிக்கொண்டிருந்தது அங்கே என்னைக் கண்டுபிடித்துவிட்டது. உடன்பயின்ற நண்பர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் என் அருகில் அமர்ந்து, அவசரப்படாமல், ஒவ்வொரு குறிக்கும் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கிவிட்டது. நியாய சாத்திரத்தில் நான் ரசித்த அதே ஒழுங்கு அங்கும் இருந்தது.

தலைகீழாக்குவதன் காரணம் இன்னும் பல ஆண்டுகள் கழித்து, ஆசிரமச் சமையற்கூடத்தில் விளங்கியது. முக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்துகொண்டிருந்தேன். ஒரு முழு அளவும், அதன்மேல் பாதி அளவும் வந்தது. ஒன்றரை! முக்காலுக்குள் அரை எத்தனை முறை அடங்கும் என்பதுதானே கேள்வி? ஒரு படிக்குள் அரைப்படி இரண்டு முறை அடங்குவதால் இரண்டால் பெருக்குகிறோம். இவ்வளவே. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் ஓர் ஆயுளின் திசையே மாறக்கூடும்.

இன்று என் வாழ்வின் திசையைக் குறித்து எனக்கு வருத்தமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. கணிதத்தை அஞ்சி விட்டதை நாட்டம் என்று எனக்கே சொல்லிக்கொண்டது போல, வேறு எவற்றையெல்லாம் அவ்வாறு சொல்லிக்கொண்டேன்? விட்டவற்றுள் எவற்றைத் துறந்தேன், எவற்றிடமிருந்து ஒளிந்தேன்? காவி உடுத்தவனுக்கு இது எளிய கேள்வியன்று. இல்லறத்தாருக்கும் எளியதாக இருக்காது என்றே எண்ணுகிறேன்.

திகைப்பு எப்போது அச்சமாகிறது?

பிளேட்டோவின் 'மெனோ' என்ற உரையாடலில் ஒரு காட்சி உண்டு. கல்வியறிவற்ற ஓர் அடிமைச் சிறுவனிடம், இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தை எவ்வாறு வரைவது என்று சாக்ரடீஸ் கேட்கிறார். பக்கத்தை இரட்டித்து நான்கடி என்கிறான் சிறுவன். பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. மூன்றடி என்கிறான், அதுவும் தவறு. பிறகு திகைத்து நிற்கிறான். சாக்ரடீஸ் அத்திகைப்பைக் குறையாகக் கருதவில்லை. அறியாததை அறிந்ததாக எண்ணியிருந்தவன், இப்போது அறிய விரும்பும் நிலைக்கு வந்திருக்கிறான் என்று மகிழ்கிறார். அடுத்த சில கேள்விகளில், மூலைவிட்டத்தின் மேல் சதுரம் வரைய வேண்டும் என்பதைச் சிறுவன் கண்டுகொள்கிறான். அவனை எவரும் எள்ளி நகைக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

குருதேவர் கூறிய 'தாந்தா' இந்தத் திகைப்புத்தான். அது அறிவின் வாசற்படி. அந்த வாசற்படியில் நிற்பவனை அவமானப்படுத்தினால் திகைப்பு அச்சமாகிறது. அச்சத்தை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டால் அது நாட்டமின்மை என்னும் வேடம் அணிகிறது. இதுவே இந்நோயின் வரலாறு.

தேசியக் கலைத்திட்டம் 2005-ஐ ஒட்டி, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் இரா. இராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் கல்விக் குழு, பெரும்பாலான குழந்தைகளிடம் நிலவும் அச்சத்தையும் தோல்வியுணர்வையும் கணிதக் கல்வியின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. விதிகளை மட்டும் அளித்துக் காரணங்களை மறைக்கும் கல்விமுறை அச்சத்தை விளைவிப்பதில் வியப்பில்லை.

நம்மிடையே நிலவும் ஒரு புகழுரையும் இதற்குத் துணைபோகிறது. சீனிவாச ராமானுஜனைப் பற்றிப் பேசும்போது நாமகிரித் தாயாரின் அருளைச் சொல்கிறோம். அவரே சொன்னதுதான் அது. ஆனால் கும்பகோணத்தில், பதின்பருவத்தில், கார் என்பவர் தொகுத்த ஆயிரக்கணக்கான தேற்றங்களைக் கொண்ட நூலைப் பெற்று, ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்க முயன்றதையும், தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்து எழுதியதையும் சொல்ல மறக்கிறோம். அருளை மட்டும் சொன்னால், கேட்கும் குழந்தை 'எனக்கு அந்த அருள் இல்லை' என்று எழுந்து சென்றுவிடும். அந்த முழங்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆறு செல்லும் வழி

நல்லேப்பிள்ளிக்கு அண்மையில், சிற்றூரில் ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். துயரை அழிப்பவள் என்பது பொருள். அதன் கரையில்தான் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக்காலத்தைக் கழித்த குருமடம் இருக்கிறது. அந்த நீர் பறளி அருகே கல்பாத்திப் புழையுடன் கலந்து பாரதப்புழையாகி, பொன்னானியில் கடலை அடைகிறது.

அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியை ஒட்டிய நாட்டில், எழுத்தச்சன் பிறந்த திரூரின் சுற்றுப்புறத்தில், உலகமே வியக்கும் கணித மரபு ஒன்று தழைத்திருந்தது. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சங்கமகிராம மாதவனைத் தொடக்கமாகக் கொண்ட மரபு அது. வட்டத்தின் சுற்றளவை முடிவில்லாத எண்வரிசையால் அளக்கும் முறையை, ஐரோப்பா கண்டறிவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே அம்மரபினர் அறிந்திருந்தனர். 16-ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் அம்மரபின் முடிவுகளைத் தொகுத்தபோது இரண்டு காரியங்கள் செய்தார். ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை விளக்கினார். அதனை மக்கள் மொழியான மலையாளத்தில் எழுதினார். ஆகவேதான் நூலுக்கு 'யுக்திபாஷா' என்று பெயர். யுக்தி என்றால் காரணம். பாஷை என்றால் பேச்சுமொழி. அச்சத்திற்கு மருந்து இந்த இரண்டும்தான்.

அவருடைய சீடர் திருக்கண்டியூர் அச்சுதப் பிஷாரடி. வானியலிலும் கணிதத்திலும் வல்லவரான அவரிடம் பயின்றவர், குருவாயூரப்பனின் திருமுன் நாராயணீயம் பாடிய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி. குருவின் வாதநோயைத் தாம் ஏற்றுக்கொண்டார் என்று மரபு போற்றும் அந்தப் பக்தர், ஒரு கணித ஆசிரியரின் மாணவர்! பக்தர்களுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்போர் இதனைச் சிந்திக்கட்டும்.

அபயம் அளிப்போம்

அப்படியானால் எல்லோரும் கணிதத்தையே விரும்ப வேண்டுமா? இல்லை. ஓவியமும் இசையும் வரலாறும் இறைவனின் கொடைகளே. அச்சிறுமி வரலாறு பயின்றால் அதில் குறைவொன்றுமில்லை. விடுவது குற்றமன்று. எதை விடுகிறோம், எதனால் விடுகிறோம் என்பதை அறியாமல் விடுவதே இழப்பு.

'அஞ்சாதே' என்று குழந்தைக்கு உபதேசித்தாலும் போதாது. அச்சத்தைக் கோழைத்தனம் என்று கடிந்தால், பழைய அச்சத்தின்மேல் புதிய வெட்கம் ஒன்றும் ஏறிக்கொள்ளும். துறவு மேற்கொள்பவன் அக்கினியின் முன் ஏற்கும் உறுதிகளுள் ஒன்று, 'எந்த உயிருக்கும் என்னால் அச்சம் வேண்டாம்' என்பது. இது காவி அணிந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் எண்ணவில்லை. பெற்றோரும் ஆசிரியரும் இல்லத்திலேயே, வகுப்பறையிலேயே இந்த அபயத்தை அளிக்க முடியும்.

அதற்குப் பெரிய கல்வித்தகுதி வேண்டியதில்லை. குழந்தையின் முன் 'எனக்கும் வராது' என்று சொல்லாதிருப்பது முதற்படி. கணித அச்சம் மிகுந்த பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்திற்கு உதவும்போது, குழந்தைகள் குறைவாகக் கற்பதோடு அவர்களுடைய அச்சமும் பெருகுகிறது என்று அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டுகிறது. அன்போடு செய்யும் உதவியிலும் நம் அச்சம் கலந்து சென்றுவிடுகிறது. ஆகவே முதலில் நம் சொல்லைத் திருத்திக்கொள்வோம். விடை என்ன என்று கேட்பதற்கு முன் எப்படிச் செய்தாய் என்று கேட்போம். தவறிய படியைச் சிரிக்காமல் பார்ப்போம். குழந்தை எங்கே கடைசியாகத் தெளிவாக இருந்ததோ, அந்த இடம்வரை, அது மூன்றாம் வகுப்பாக இருந்தாலும், உடன் நடந்து சென்று மீண்டும் தொடங்குவோம். தேர்வுக்கு முன் சில நிமிடங்கள் தன் கவலையைத் தாளில் எழுதி வைத்த மாணவர்கள் தேர்வைச் சிறப்பாக எழுதினர் என்று 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. மறைத்த அச்சம் ஆள்கிறது; எதிரில் வைத்த அச்சம் அடங்குகிறது.

நல்லேப்பிள்ளிச் சிறுமிக்கு இப்போது ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். குருதேவரின் சொல்லை நான் சரியாகப் பெயர்க்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டேன். பின்னர் இவ்வாறு எழுதினேன்: "நீ எந்தப் பாடத்தை எடுத்திருந்தாலும் என் ஆசி உண்டு. ஒரே ஒரு வேண்டுகோள். ஒருநாள் மாலை, தேர்வு இல்லாத நாளில், அம்மாவின் பால் கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டு அவர் அருகில் அரைமணி நேரம் உட்கார். அவர் மனத்தில் எப்படிக் கணக்கிடுகிறார் என்று கேள். பிறகும் கணக்கு வேண்டாம் என்று தோன்றினால் மகிழ்ச்சியோடு விட்டுவிடு."

அச்சத்தால் விட்டவற்றை அடையாளம் காணும் நேர்மையையும், குழந்தைகளுக்கு அபயம் அளிக்கும் பொறுமையையும் குருதேவர் நம் அனைவருக்கும் அருள்வாராக.